ஜப்பான்லேர்ந்து கலிஃபோர்னியாவுக்கு வந்துச்சு, பக்கத்து பிளான்ட்டுக்கு ஏன் போகல? எம்என்சிக்குள்ள அறிவு நகர்ற கதை

எம்என்சின்னு சொல்றோமே, வெளியில இருந்து பாக்க அது ஒரே கம்பெனி மாதிரிதான் தெரியும், ஒரே லோகோ, ஒரே கலர் ஐடி கார்டு. உள்ள போய் பாத்தா நாட்டுக்கு நாடு தனித்தனியா பதிவு பண்ணின நிறைய கம்பெனிகள் சேர்ந்த ஒரு கூட்டம். ஹிந்துஸ்தான் யூனிலீவரை எடுத்துக்கங்க, லண்டன்ல இருக்குற யூனிலீவரோட ஒரு பிராஞ்ச் ஆபீஸ்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ஆனா அது இந்திய கம்பெனி சட்டப்படி பதிவான, நம்ம ஷேர் மார்க்கெட்ல லிஸ்ட் ஆன தனி கம்பெனி, பாதிக்கு மேல ஷேர் யூனிலீவர் கையில இருக்கு, அவ்ளோதான். மாருதி சுசுகி, நெஸ்லே இந்தியா, ஹூண்டாய் மோட்டார் இந்தியா எல்லாம் இதே கதை. இப்படி தாய் கம்பெனி பாதிக்கு மேல ஓட்டுரிமை வச்சிருக்குற, இல்லன்னா போர்டையே தன் பிடியில வச்சிருக்குற கம்பெனியைத்தான் சப்சிடியரின்னு சொல்றாங்க.

இந்த அமைப்புல ஒரு சிக்கல் தானா வந்து உக்காந்துக்குது. ஏதோ ஒரு நாட்டு சப்சிடியரி ஒரு விஷயத்தை நல்லா செய்ய கத்துக்குது, மெஷின் அடிக்கடி நிக்காம ஓட்டுறதுக்கு ஒரு வழி, கிராமத்துல சரக்கு விக்கிறதுக்கு ஒரு முறை, எதுவா வேணா இருக்கட்டும். அது மத்த நாட்டு சப்சிடியரிகளுக்கு எப்படி போய் சேரும்? முதல்ல போய் சேருமா? 1993ல ப்ரூஸ் கோகுட், உடோ ஸாண்டர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் எழுதுனது என்னன்னா, எம்என்சின்னு ஒண்ணு உலகத்துல இருக்குறதுக்கு முக்கியமான காரணமே இதுதானாம், தெரிஞ்ச வித்தையை வெளி மார்க்கெட்ல விக்கிறதை விட சொந்த வீட்டுக்குள்ள நகத்துறது சுலபம், அதனாலதான் கம்பெனிகள் நாடு தாண்டிப்போய் சொந்தமா கடை போடுதுங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா வீட்டுக்குள்ளயே நகர மாட்டேங்குதேன்னு தலையில கை வச்சவங்க கதையும் அதே அளவுக்கு இருக்கு. அதுல எனக்கு ரொம்ப பிடிச்ச கதை ஒரு கார் பிளான்ட்டோடது, இந்த டாபிக்ல வர்ற முக்கால்வாசி விஷயம் அதுக்குள்ளயே இருக்கு, அதனால அதை கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

கலிஃபோர்னியாவுல ஃப்ரீமாண்ட்னு ஒரு ஊர். அங்க ஜெனரல் மோட்டார்ஸுக்கு, அதாவது ஜிஎம்முக்கு, ஒரு பிளான்ட் இருந்துச்சு, 1982ல இழுத்து மூடிட்டாங்க. மட்டம் போடுறது, குடிச்சிட்டு வேலைக்கு வர்றது, யூனியனுக்கும் மேனேஜ்மென்ட்டுக்கும் ஓயாத சண்டைன்னு பேர் கெட்டுப்போன இடம். அந்த நேரம் டொயோட்டாவுக்கு அமெரிக்காவுலயே கார் செய்யணும், ஏன்னா ஜப்பான்லேர்ந்து வர்ற காருக்கு அமெரிக்காவுல எண்ணிக்கை கட்டுப்பாடு வந்துடுச்சு, ஆனா தன்னோட முறை அமெரிக்க தொழிலாளிகள்கிட்ட, அதுவும் அந்த யூனியன்கிட்ட, வேலைக்கு ஆகுமான்னு சந்தேகம். ஜிஎம்முக்கு சின்ன காரை நஷ்டம் இல்லாம எப்படி செய்யறதுன்னு தெரியணும். ரெண்டு பேரும் சேர்ந்து 1984ல நும்மின்னு ஒரு ஜாயின்ட் வென்ச்சர் ஆரம்பிச்சு அதே ஃப்ரீமாண்ட் பிளான்ட்டை திறந்தாங்க. வேலைக்கு எடுத்தது பெரும்பாலும் யாரைன்னு நினைக்கிறீங்க, பழைய ஆளுங்களையேதான், யூனியனும் அதே யூனியன்.

டொயோட்டா செஞ்ச முதல் வேலை, டீம் லீடர்கள், குரூப் லீடர்கள்னு நூத்துக்கணக்கான பேரை ஜப்பான்ல இருக்குற டகாவோகா பிளான்ட்டுக்கு கூட்டிட்டுப் போய் அங்க கார் வரிசையா நகர்ந்து அசெம்பிள் ஆகுற லைன்லயே நிக்க வச்சது. ஜப்பான்லேர்ந்தும் ட்ரெய்னர்கள் கூட்டமா ஃப்ரீமாண்ட்டுக்கு வந்து பக்கத்துலயே நின்னாங்க. அமெரிக்க ஆளுங்களுக்கு பெரிய அதிர்ச்சியே அந்த கயிறுதான். லைன்ல ஏதாவது தப்பு நடந்தா தலைக்கு மேல தொங்குற கயிறை இழுக்கலாம், உடனே டீம் லீடர் ஓடி வருவார், என்னாச்சுன்னு கேப்பார், சேர்ந்து சரி பண்ணுவாங்க, முடியலன்னா லைனே நிக்கும். பழைய ஃப்ரீமாண்ட்ல லைனை நிறுத்துறது மாதிரி ஒரு பாவம் கிடையாது, ஸ்டியரிங் இல்லாம கார் போனாலும் போகட்டும் ஆனா லைன் நிக்கக்கூடாதுங்கிற ரகம்.

ரெண்டு மூணு வருஷத்துல என்ன ஆச்சுன்னு எம்ஐடி ஆராய்ச்சியாளர்கள் அளந்து வச்சிருக்காங்க. ஒரு காரை அசெம்பிள் பண்ண மாசசூசெட்ஸ்ல இருந்த ஜிஎம்மோட ஃப்ரேமிங்ஹாம் பிளான்ட்டுக்கு 31 மணி நேர உழைப்பு தேவைப்பட்டுச்சு, ஜப்பான் டகாவோகாவுக்கு 16, நும்மிக்கு 19. 100 காருக்கு எத்தனை குறைன்னு பாத்தா ஃப்ரேமிங்ஹாம்ல 130, டகாவோகாவுல 45, நும்மியிலயும் 45. அதாவது பசிபிக் கடலைத் தாண்டி, மொழி தாண்டி, கலாச்சாரம் தாண்டி, சண்டைக்கார யூனியனையும் தாண்டி ஒரு வேலை முறை வந்து சேர்ந்துடுச்சு, அதுவும் சில வருஷத்துக்குள்ள.

இனி ஜிஎம் பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணுதானே, நும்மியில கத்துக்கிட்டதை தன்னோட மத்த பிளான்ட்டுக்கு கொண்டு போகணும். அதே கலிஃபோர்னியாவுல, லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வான் நைஸ்னு ஒரு ஜிஎம் பிளான்ட், ஃப்ரீமாண்ட்லேர்ந்து ரோட்டுல போனா ஐநூத்தி சொச்சம் கிலோமீட்டர். அதே நாடு, அதே இங்கிலீஷ், அதே யூனியன், அதே முதலாளி.

போகல. ட்ரெய்னிங் குடுத்தாங்க, டீம் சிஸ்டம்னு அறிவிச்சாங்க, ஒண்ணும் ஒட்டல. தொழிலாளிகளுக்கு இது நம்மகிட்ட இன்னும் கசக்கிப் பிழியறதுக்கான தந்திரம்னு சந்தேகம், யூனியனுக்குள்ளயே ரெண்டு கட்சி ஆயிடுச்சு, மேனேஜர்களுக்கு தங்களுக்குன்னு இருந்த தனி மரியாதை எல்லாம் போயிடுமேன்னு கடுப்பு. எல்லாத்துக்கும் மேல, ஜிஎம்ல மேனேஜரை எடை போட்டதே எத்தனை கார் வெளிய போச்சுங்கிற கணக்குலதான், அப்படி இருக்கும்போது எவன் லைனை நிறுத்த விடுவான்? இன்னொரு பக்கம், பார்ட்ஸ் சரியா பொருந்தலன்னா நும்மியில சப்ளையரைக் கூப்பிட்டு சரி பண்ண வைப்பாங்க, வான் நைஸ்ல இருந்தவங்க சொன்னா அதைக் கேக்க சப்ளையரும் தயாரா இல்ல, டிசைன் பண்ற டிபார்ட்மென்ட்டும் தயாரா இல்ல. 1992ல வான் நைஸ் பிளான்ட்டையே மூடிட்டாங்க.

ஜிஎம்ல அந்த காலத்துல இருந்தவங்க சொன்ன ஒரு விஷயம் உண்டு, ஒரு மேலதிகாரி கடுப்பாகி, கேமரா எடுத்துட்டுப் போய் நும்மி பிளான்ட்டை ஒரு இஞ்ச் விடாம போட்டோ எடுத்துட்டு வாங்க, அதை அப்படியே நம்ம பிளான்ட்ல செஞ்சுடலாம்னு சொன்னாராம். போட்டோவுல கயிறு தெரியும். கயிறை இழுத்தா திட்டு விழாதுங்கிற நம்பிக்கை எந்த ஆங்கிள்ல வச்சு எடுத்தாலும் தெரியாதே.

கதை இங்க முடியல, நல்ல பகுதி இனிமேதான். ஜெர்மனியில ஓப்பல்னு ஒரு கம்பெனி, அப்போ அது ஜிஎம்மோட சப்சிடியரி. கிழக்கு ஜெர்மனியும் மேற்கும் ஒண்ணானப்புறம் ஐஸனாக்குங்கிற ஊர்ல ஓப்பல் புதுசா ஒரு பிளான்ட் போட்டுச்சு, 1992ல திறந்தாங்க. அந்த ஊர் வார்ட்பர்க்னு ஒரு கம்யூனிஸ்ட் காலத்து கார் செஞ்ச ஊர், 1991ல அந்த கார் உற்பத்தியே நின்னு போச்சு, வேலை தெரிஞ்ச ஆளுங்க கையில வேலை இல்லாம இருந்தாங்க. அங்க பிளான்ட்டை அமைக்க ஜிஎம் யாரை அனுப்புச்சுன்னா நும்மியில வேலை பாத்தவங்களையும், கனடாவுல ஜிஎம்மும் சுசுகியும் சேர்ந்து நடத்துன காமிங்கிற இன்னொரு பிளான்ட் ஆளுங்களையும். பிடிச்சுக்கிச்சு. ஐரோப்பாவுல நல்லா ஓடுற பிளான்ட்டுகள்ல ஒண்ணுன்னு பேர் வாங்குச்சு. அப்புறம் 90கள்ல போலந்து, அர்ஜென்டினா, சீனா, தாய்லாந்துன்னு ஜிஎம் புது பிளான்ட் போட்டப்போ ஐஸனாக்கைத்தான் மாதிரியா வச்சுக்கிட்டாங்க.

இப்போ மேப்பை மனசுல வச்சு பாருங்க. ஜப்பான்லேர்ந்து கலிஃபோர்னியா, போச்சு. கலிஃபோர்னியாவுலேர்ந்து கலிஃபோர்னியா, போகல. கலிஃபோர்னியாவுலேர்ந்து ஜெர்மனி, போச்சு, அங்கேர்ந்து இன்னும் நாலு நாட்டுக்கு போச்சு. தூரம், மொழி, கலாச்சாரம்னு நாம வழக்கமா சொல்ற காரணத்தை எல்லாம் வச்சு இதை விளக்கவே முடியாது. வாங்கிக்கிற இடம் எப்படி இருந்துச்சுங்கிறதை வச்சு பாத்தா உடனே புரியும். நும்மியில மூடுன பிளான்ட்ல மறுபடி வேலை கிடைச்சவங்க, ஐஸனாக்ல கம்பெனியே காணாம போனவங்க, வான் நைஸ்ல மட்டும் இன்னும் பழைய வண்டி ஓடிக்கிட்டு இருந்துச்சு.

இதை ஆராய்ச்சியாவும் பாத்திருக்காங்க. கேப்ரியல் ஸுலான்ஸ்கின்னு ஒருத்தர் 1996ல ஒரு கட்டுரை போட்டார், 8 கம்பெனிகளுக்குள்ள நடந்த 122 பரிமாற்றங்களை எடுத்து, நல்ல முறைகள் ஏன் ஒரு யூனிட்லேர்ந்து இன்னொரு யூனிட்டுக்கு போகாம ஒட்டிக்கிட்டே நிக்குதுன்னு பாத்தார். அதுவரைக்கும் எல்லாரும் என்ன சொல்லிக்கிட்டு இருந்தாங்கன்னா, தெரிஞ்சவன் சொல்ல மாட்டேங்கிறான், தெரியாதவன் ஈகோவுல கேக்க மாட்டேங்கிறான், எல்லாம் மனசு சம்பந்தப்பட்ட பிரச்சினை, போனஸ் குடுத்தா சரியாயிடும்னு. அவருக்கு கிடைச்ச விடை வேற. பெரிய தடையா நின்னது மூணு விஷயம், வாங்குறவங்களுக்கு அதை உள்வாங்கிக்கிற அளவுக்கு அடிப்படை இல்லாம இருக்குறது, இந்த முறை எதனால வேலை செய்யுதுன்னு குடுக்குறவங்களுக்கே தெளிவா தெரியாம இருக்குறது, ரெண்டு யூனிட்டுக்கும் நடுவுல உறவு சரியில்லாம இருக்குறது. சோம்பேறித்தனமும் பொறாமையும் இல்லவே இல்லைன்னு அர்த்தம் இல்ல, ஆனா அதையே முழு காரணமா சொல்லிட்டு போறது தப்பு.

முதல் விஷயத்துக்கு ஏற்கனவே 1990ல கோஹன், லெவின்தால்னு ரெண்டு பேர் ஒரு விளக்கம் குடுத்திருந்தாங்க, புது விஷயத்தை கத்துக்க அதுக்கு பக்கத்து விஷயம் ஏதாவது ஏற்கனவே தெரிஞ்சிருக்கணும்னு. ஐஸனாக் ஆளுங்களுக்கு கார் செய்ய தெரியும், அதனால சொன்னது புரிஞ்சுது. ஒண்ணுமே தெரியாத இடத்துக்கு எவ்ளோ நல்ல மேனுவல் அனுப்பினாலும் அது அலமாரியிலதான் கிடக்கும்.

ரெண்டாவது விஷயம்தான் கொஞ்சம் விநோதமானது, செய்யறவனுக்கே ஏன்னு தெரியாதுங்கிறது. பரோட்டா மாஸ்டர்கிட்ட போய் மாவை எப்படிண்ணே இவ்ளோ மெல்லிசா வீசுறீங்கன்னு கேளுங்க, மைதா எவ்ளோ, எண்ணெய் எவ்ளோ, எவ்ளோ நேரம் ஊறணும்னு எல்லாம் சொல்லுவார், மணிக்கட்டு எப்போ திரும்பணும்னு அவரால சொல்ல முடியாது, பக்கத்துல நின்னு பத்து நாள் மாவை கிழிச்சாத்தான் வரும். சொல்லத் தெரிஞ்சதை விட அதிகமா நமக்குத் தெரியும்ங்கிறதை மைக்கேல் போலன்யின்னு ஒருத்தர் 60கள்லயே விளக்கி எழுதிட்டார், கம்பெனிகள் அதை இன்னும் முழுசா ஏத்துக்கிட்ட மாதிரி தெரியல. எழுதி வைக்க முடியற பகுதி மெயில்ல போகும், எழுத முடியாத பகுதி ஆளோடதான் போகும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை பாக்குறவங்க கொரியாவுலேர்ந்தும் ஜப்பான்லேர்ந்தும் வந்து வருஷக்கணக்கா தங்கியிருக்குற இன்ஜினியர்களை பாத்திருப்பாங்க, அவங்களுக்கு வீடு, கார், பிள்ளைங்களுக்கு இன்டர்நேஷனல் ஸ்கூல் ஃபீஸ்னு கம்பெனி கொட்டிக் குடுக்குறது இந்த எழுத முடியாத பகுதிக்காகத்தான். டொயோட்டா இதையே ஒரு ஏற்பாடா வச்சிருக்கு, வெளிநாட்டுல புது பிளான்ட் வந்தா ஜப்பான்ல ஏதாவது ஒரு பிளான்ட் அதுக்கு தாய் பிளான்ட், ட்ரெய்னிங், ட்ரெய்னர், சந்தேகம் எல்லாமே அங்கேர்ந்துதான்.

இதே பிரச்சினைக்கு இன்டெல் கண்டுபிடிச்ச வழி நேர் எதிர் திசையில போகுது, எனக்கு அது படிக்கும்போதெல்லாம் சிரிப்பா வரும், ஆனா அதுல இருக்குற நேர்மை பிடிக்கும். சிப் செய்யறதுல நூத்துக்கணக்கான ஸ்டெப், எதை மாத்தினா எது கெடும்னு முழுசா யாருக்கும் தெரியாது. சரி தெரியாதுன்னே ஒத்துக்குவோம், எல்லாத்தையும் அப்படியே காப்பி அடிப்போம்னு முடிவு பண்ணிட்டாங்க. ஆரிகன்ல ஒரு ப்ராசஸ் தயார் ஆனா அயர்லாந்துலயும் இஸ்ரேல்லயும் இருக்குற ஃபேக்டரியில அதே மெஷின், அதே செட்டிங், பைப்போட நீளம், வளைவு வரைக்கும் அதே மாதிரி. ஒரு ஃபேக்டரியில ஒருத்தருக்கு நல்ல ஐடியா வந்தா அவர் இஷ்டத்துக்கு மாத்த முடியாது, எல்லா இடத்துக்கும் சேர்த்து ஒப்புதல் வாங்கி எல்லா இடத்துலயும் மாத்தணும். காப்பி எக்ஸாக்ட்லின்னே பேர் வச்சிருக்காங்க. அந்த கேமரா ஐடியா கார் பிளான்ட்ல தோத்துச்சு, சிப் பிளான்ட்ல கிட்டத்தட்ட அதே ஐடியாதான் ஜெயிச்சுது, ஏன்னா அங்க விஷயம் பெரும்பாலும் மெஷின்லயும் செட்டிங்லயும் இருக்கு, கார் பிளான்ட்ல மனுஷனுக்கும் மனுஷனுக்கும் நடுவுல இருக்கு.

இன்னொரு தப்பான படம் நிறைய பேர் மனசுல இருக்கு, அறிவுன்னா அது ஹெட் ஆபீஸ்லேர்ந்து கீழ வழிஞ்சு வர்றதுன்னு. மேல போனதுக்கும் நல்ல உதாரணங்கள் இருக்கு. ஜெராக்ஸ் கம்பெனி பக்கம் பாருங்க, ஜப்பான்ல ஃபூஜி ஜெராக்ஸ்னு ஒண்ணு 1962ல ஆரம்பிச்சாங்க, கறாரா பாத்தா அது அப்போ பாதிக்குப் பாதி ஜாயின்ட் வென்ச்சர், இருந்தாலும் குடும்பத்துல ஒண்ணாத்தான் இருந்துச்சு. 70கள்ல கேனான், ரிக்கோன்னு ஜப்பான் கம்பெனிகளோட மல்லுக்கட்டி மல்லுக்கட்டி ஃபூஜி ஜெராக்ஸ் தரத்துல தேறி, 1980ல ஜப்பானோட பெரிய தர விருதான டெமிங் பரிசு வாங்குச்சு. அந்த நேரம் அமெரிக்காவுல தாய் கம்பெனி, தான் தயாரிக்கிற செலவுக்கே ஜப்பான்காரன் வித்துட்டு போறானேன்னு முழிச்சுக்கிட்டு நின்னுச்சு. கடைசியில ஃபூஜி ஜெராக்ஸ்கிட்ட போய்தான் கத்துக்கிட்டாங்க, 1989ல அமெரிக்காவோட பால்ட்ரிஜ் தர விருது அவங்களுக்கு கிடைச்சுது. அடி வாங்குற வரைக்கும் பிள்ளை சொன்னது தாய்க்கு காதுல ஏறல.

செவன் இலெவன் கதை இதுக்கும் மேல. கடை அமெரிக்க கடை, ஜப்பான்ல லைசென்ஸ் வாங்கி 1974ல முதல் கடை திறந்தாங்க. எந்த சாமான் எந்த நாள் எத்தனை விக்கும்னு ஒவ்வொரு பொருளா கணக்கு பாத்து கடை ஆளுங்களே ஆர்டர் போடுற முறையை ஜப்பான்ல வளத்துக்கிட்டாங்க, அமெரிக்காவுல சப்ளையர்களோட சேல்ஸ் ஆளுங்க வந்து ஷெல்ஃபை நிரப்பிட்டு போறதுதான் பெரும்பாலும் வழக்கம். 1990ல அமெரிக்க தாய் கம்பெனி திவால் மனு குடுக்க, 1991ல ஜப்பான்காரங்களே அதுல 70 சதவீதத்தை வாங்கி, தங்களோட முறையை அமெரிக்காவுக்கு திருப்பி சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சாங்க. சின்ன உதாரணம் வேணும்னா மெக்டொனால்ட்ஸ்ல இருக்குற மெக்கஃபேங்கிற காபி பகுதி, 1993ல ஆஸ்திரேலியாவோட மெல்போர்ன்ல ஆரம்பிச்சது, அமெரிக்காவுக்கு போக பல வருஷம் ஆச்சு.

ஒரு சப்சிடியரிலேர்ந்து நேரா இன்னொண்ணுக்கு பக்கவாட்டுல போறதும் உண்டு. ஹிந்துஸ்தான் லீவரா இருந்தப்போ 2001 வாக்குல ஆந்திராவுல நல்கொண்டா மாவட்டத்துல சக்தின்னு ஒரு திட்டம் கொண்டு வந்தாங்க, மகளிர் சுய உதவிக் குழு பெண்களை வச்சு கிராமம் கிராமமா சோப்பு, ஷாம்பு விக்கிறது. அது பங்களாதேஷ், இலங்கை, வியட்நாம்னு யூனிலீவரோட மத்த சப்சிடியரிகளுக்கும் போச்சு, இலங்கையில சௌபாக்யாங்கிற பேர்ல. லண்டன்ல உக்காந்து இதை யாரும் யோசிச்சிருக்க முடியாது, ஏன்னா லண்டன்ல இந்த பிரச்சினையே கிடையாது. ஒரே மாதிரி பிரச்சினை இருக்குற ரெண்டு இடத்துக்கு நடுவுல அறிவு சீக்கிரம் ஓடும்.

சரி, இதுக்கெல்லாம் ஒரு போர்ட்டல் போட்டு எல்லாரும் தெரிஞ்சதை அதுல போட்டுடுங்கன்னா முடிஞ்சுதேன்னு தோணும். எல்லா கம்பெனிக்கும் தோணியிருக்கு. சீமென்ஸ் தன்னோட டெலிகாம் பிரிவுல 1999ல ஷேர்நெட்னு ஒண்ணு கொண்டு வந்துச்சு, நல்லாவே ஓடுச்சு, மலேசியாவுல கோலாலம்பூருக்கும் புது ஏர்போர்ட்டுக்கும் நடுவுல ஒரு டேட்டா நெட்வொர்க் டெண்டர் வந்தப்போ, மலேசிய சீமென்ஸ் ஆளுங்க ஷேர்நெட்ல தேடி டென்மார்க்ல இதே மாதிரி ஒரு வேலை நடக்குதுன்னு கண்டுபிடிச்சு, அதை வச்சே ஆர்டரை தட்டிட்டாங்க. ஆனா எழுதறவங்களுக்கு பாயின்ட், பாயின்ட்டுக்கு பரிசுன்னு வச்சவுடனே நடக்க வேண்டியது நடந்துச்சு, பாயின்ட்டுக்காக கண்டதையும் எழுதித் தள்ள ஆரம்பிச்சாங்க, அப்புறம் எண்ணிக்கையைப் பாக்காம, படிச்சவங்களுக்கு எவ்ளோ உபயோகமா இருந்துச்சுங்கிறதை வச்சு பாயின்ட் குடுக்குற மாதிரி மாத்த வேண்டியதாச்சு.

ஜெராக்ஸ்ல இதை வேற விதமா பண்ணாங்க, போர்ட்டல் கதைகள்ல இதுதான் உருப்படியானதுன்னு நான் சொல்லுவேன். ஜூலியன் ஓர்னு ஒரு மானிடவியல் ஆராய்ச்சியாளர் மெஷின் ரிப்பேர் பண்ற டெக்னீஷியன்கள் கூடவே சுத்திப் பாத்தார், அவங்க கத்துக்கிறது மேனுவல்லேர்ந்து கொஞ்சம்தான், சாப்பிடும்போது உக்காந்து அன்னைக்கு ஒரு மெஷின் என்ன படுத்துச்சு தெரியுமான்னு பேசிக்கிற கதையிலேர்ந்துதான் நிறையன்னு தெரிஞ்சுது. 90கள்ல அந்த கதைகளையே ஒரு சிஸ்டத்துல ஏத்துனாங்க, யுரேக்கான்னு பேரு, முதல்ல பிரான்ஸ்ல. ஒரு டெக்னீஷியன் டிப்ஸ் எழுதி அனுப்பினா அனுபவமுள்ள மத்த டெக்னீஷியன்கள் அது சரியான்னு செஞ்சு பாத்துட்டுத்தான் ஏத்துவாங்க, எழுதுனவர் பேர் அதுலயே இருக்கும். காசு குடுக்கலாமான்னு மேல பேச்சு வந்தப்போ டெக்னீஷியன்கள் வேண்டாம்னுட்டாங்க, பேர் இருந்தா போதும்னு. அப்புறம் கனடா, அமெரிக்கான்னு போச்சு. மான்ட்ரியால்ல ஒருத்தர் எழுதிப் போட்ட டிப்ஸை பிரேசில்ல ஒருத்தர் பாத்து, மொத்தமா மாத்திக் குடுக்க இருந்த ஒரு காஸ்ட்லி கலர் மெஷினை சில்லறைக் காசு பெறுமான ஒரு பார்ட்டை மாத்தி ஓட வச்ச கதை இந்த வட்டாரத்துல ரொம்ப பிரபலம்.

இவ்வளவு நேரம் மனுஷங்களைப் பத்தியே பேசிட்டேன், பணத்தைப் பத்தியும் சொல்லணும், ஏன்னா ஆரம்பத்துல சொன்னேனே சப்சிடியரின்னா தனி கம்பெனின்னு, அதனால குடும்பத்துக்குள்ள அறிவு இப்படி கைமாறுறது இலவசம் கிடையாது. டெக்னாலஜி, பிராண்ட், மத்த சேவைகளுக்குன்னு ஹிந்துஸ்தான் யூனிலீவர் தாய் கம்பெனிக்கு ராயல்டியும் கட்டணமும் கட்டுது, 2013ல அதை விற்பனையில 1.4 சதவீதத்துலேர்ந்து 3.15 வரைக்கும் படிப்படியா ஏத்துறதா சொன்னாங்க, 2023ல மறுபடி 2.65லேர்ந்து 3.45ன்னு சொன்னாங்க, ரெண்டு தடவையும் ஷேர் வச்சிருக்குறவங்க முகம் சுளிச்சாங்க. இன்கம் டாக்ஸ்காரங்களும் எட்டிப் பாப்பாங்க, வெளி ஆளுக்கு வித்தா என்ன விலையோ அதே விலைதான் சொந்தத்துக்குள்ளயும் போடணும்னு ரூல் இருக்கு, இல்லன்னா லாபத்தை எல்லாம் வரி கம்மியான நாட்டுக்கு ராயல்டிங்கிற பேர்ல தள்ளிவிட்டுடலாமே. சில டெக்னாலஜிக்கு அரசாங்கமே கேட் போடும், அமெரிக்காவுல கட்டுப்பாடு இருக்குற டெக்னாலஜியை அங்கயே உக்காந்திருக்குற வெளிநாட்டு சக ஊழியருக்கு விளக்கி சொன்னாக்கூட அது ஏற்றுமதி கணக்குல வரும்.

அப்புறம் சப்சிடியரிகளுக்குள்ளயே போட்டி. அடுத்த மாடல் எந்த பிளான்ட்டுக்கு, அடுத்த டீம் எந்த ஊருக்குன்னு ஹெட் ஆபீஸ் செலவை ஒப்பிட்டுத்தான் முடிவு பண்ணும். அப்படி இருக்கும்போது போலந்துல இருக்குறவன் தன்னோட சூட்சுமத்தை ருமேனியாவுல இருக்குறவனுக்கு முழுசா சொல்லிக் குடுன்னா, தன் வேலையை தானே பார்சல் கட்டி அனுப்புற மாதிரி ஆயிடும்னு பயப்படுறதுல தப்பு சொல்ல முடியுமா? ஷேரிங் கல்ச்சர்னு சுவத்துல போஸ்டர் ஒட்டுற கம்பெனிகள் இந்த பயத்துக்கு என்ன பதில் வச்சிருக்குன்னு கேட்டா பெரும்பாலும் பதில் வராது.

சென்னை ஓஎம்ஆர்ல எம்என்சிகளோட டெக் சென்டர்ல வேலை பாக்குறவங்களுக்கு இதெல்லாம் வேற பேர்ல பழக்கமானதுதான், கேடி, அதாவது நாலெட்ஜ் ட்ரான்ஸ்ஃபர். வெளிநாட்டு டீம்லேர்ந்து வேலை இங்க மாறும், அங்க இருக்குறவருக்கு இந்த வேலை போனா தன் நாற்காலி இருக்குமான்னே தெரியாது, அவர்தான் சொல்லிக் குடுக்கணும், ரெண்டு வாரம் தினமும் சாயங்காலம் கால், எல்லாம் ரெக்கார்ட் ஆகும், அந்த ரெக்கார்டிங்கை அப்புறம் யாரும் திறந்து பாக்க மாட்டாங்க. இங்க இருக்குறவங்களுக்கோ சிஸ்டத்தை ஒரு தடவைகூட தொடாம கேள்வி என்ன கேக்குறதுன்னே தெரியாது, எல்லாரும் மியூட்ல இருப்பாங்க, எனி கொஸ்டின்ஸ்னு கேட்டா நோ கொஸ்டின்ஸ். ஸுலான்ஸ்கி சொன்ன மூணு தடையும் ஒரே மீட்டிங்ல வந்து உக்காந்திருக்கும்.

அதுல உருப்படியா இருக்குறது ரிவர்ஸ் கேடிதான். வாங்கிக்கிட்டவங்க திருப்பி விளக்கணும், அதோட நிக்காம நிஜமான ஒரு டிக்கெட்டை, அதாவது சிஸ்டத்துல பதிவான ஒரு பிரச்சினையை, எடுத்து இவங்களே முடிக்கணும், அந்தப் பக்கத்து ஆள் சும்மா பாத்துக்கிட்டு இருப்பார். எங்க வந்து மாட்டிக்கிட்டு நிக்கிறாங்களோ அந்த இடம்தான் டாக்குமென்ட்ல வராம போன இடம், குடுத்தவருக்கே அப்போதான், அட இதை நான் சொல்லவே இல்லையேன்னு ஞாபகம் வரும். ப்ளான்ல இதுக்குன்னு ஒரு வாரம் போட்டிருப்பாங்க, கோ லைவ் தேதி, அதாவது வேலை முழுசா இங்க மாறுற தேதி, கிட்ட வந்துடுச்சுன்னா முதல்ல வெட்டுறதும் அந்த வாரத்தைத்தான், அப்புறம் ஆறு மாசத்துக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு அந்தப் பழைய ஆளையே போன்ல தேடிக்கிட்டு இருப்பாங்க.